நெல் வெட்டு மெஷினோடு முதல் முறை போகிறீர்களா? லொறி ஏறுவதற்கு முன் படியுங்கள்

பதுளை, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நான் முதல் முறை நெல் வெட்டப் போனபோது ஒரு சாரம், இரண்டு சட்டை, ஒரு போன் மட்டும்தான் கொண்டுபோனேன். கூட்டிப்போனவர், "சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் நம்ம பொறுப்பு, ஏக்கருக்கு 400 ரூபா" என்று சொன்னார். அதை நம்பி ஏறிவிட்டேன். 48 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது மெஷின் முதலாளியின் கொப்பியில் 118 ஏக்கர் என்று இருந்தது. நாங்கள் வெட்டியது 160க்குக் குறையாது. ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை. அதோடு சாப்பாட்டுக்கு, சவர்க்காரத்துக்கு, காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துக்கு என்று கழித்துக்கொண்டே போனார்கள். கையில் வந்தது 29,000 சொச்சம்.

அதற்குப் பிறகு ஆறு போகம் போய்வந்துவிட்டேன். ஒரு தடவையும் ஏமாறவில்லை. என்ன மாற்றினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டத்துப் பையன்கள் பொங்கல் முடிந்த கையோடு மெஷினுக்குப் போகிறார்கள். போகட்டும், நல்ல வேலைதான். ஏமாறாமல் போய் முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

1. எந்தப் போகம், எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்போகம் என்பது ஐப்பசி மழையை நம்பி விதைத்த நெல். அம்பாறை, மட்டக்களப்பில் தை கடைசியில் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். அங்கே முடிய முடிய மெஷின்கள் பொலன்னறுவை, அநுராதபுரம் பக்கம் நகரும். பங்குனி வரை வேலை இருக்கும். சிறுபோகம் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. அதில் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள்தான் அதிகம் என்பதால் வேலை கொஞ்சம் குறைவு.

முதல் முறை போகிறவருக்குச் சிறுபோகமே நல்லது என்று நான் சொல்வேன். பெரும்போகத்தில் தப்பு மழை பெய்து வயல் சேறாகிவிடும், மெஷின் புதையும், நெல் சாய்ந்து கிடக்கும், ராத்திரி இரண்டு மணிக்கும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இருப்பீர்கள். சிறுபோகத்தில் வெயில் கொல்லும், ஆனால் நிலம் காய்ந்திருக்கும். வேலை பழக அது போதும்.

இன்னொரு வழியும் உண்டு. வெலிமடை, ஊவா பரணகமை மாதிரிப் படிப்படியான வயல்களில் இந்தப் பெரிய மெஷின் ஏறாது. ஆனால் நம் பதுளை மாவட்டத்திலேயே மகியங்கனை, கிராந்துருகோட்டை வயல்கள் சமதரை. வீட்டுக்குக் கிட்ட. பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடலாம். ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்போகத்துக்குப் போனால் மாசி மாதக் காமன்கூத்துக்கு வீட்டில் இருக்க முடியாது. வேஷம் கட்டுகிறவராக இருந்தால் கூத்து வாத்தியாரிடம் நேரத்தோடு சொல்லிவிடுங்கள்.

2. கடதாசி வேலைக்கு இரண்டு மாதம் முன்னால் இறங்குங்கள்

அடையாள அட்டை இல்லாமல் மலையை விட்டு இறங்க வேண்டாம். தெரியாத ஊரில், ராத்திரி நேரத்தில், வாடியில் (வயல் கொட்டகையில்) படுத்திருக்கிற வெளியாளிடம் பொலிஸ் முதலில் கேட்பது அதைத்தான். தோட்டத்தில் பல பேருக்கு ஒரே சிக்கல்: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் (பேர்ப் பதிவில்) ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் வேறொரு எழுத்து. அட்டைக்கு எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் எழுத வேண்டும். திருத்தம் தேவைப்பட்டால் அது மாதக்கணக்கில் இழுக்கும், அதனால்தான் இரண்டு மாதம் என்கிறேன்.

கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். நாள் கேட்டுப் போனால் ஒரு நடை மிச்சம். எனக்கு மூன்று நடை ஆனது, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் பேர் (சம்பளம்) போனது.

வங்கிக் கணக்குப் புத்தகமும் கட்டாயம். கணக்கு இல்லாதவர் போகும் முன் திறந்துவிடுங்கள். 45 நாள் சம்பளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் தூங்கி வருவது எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும்.

டிரைவராகும் எண்ணம் இருந்தால் சாரதி அனுமதிப்பத்திர வேலையை இன்றைக்கே தொடங்குங்கள். கைட்ராக்டருக்கு ஜி1, விவசாய நில வாகனத்துக்கு ஜி வகுப்பு. தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழ் முதலில் வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதற்கும் ட்ரயலுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும். லைசன்ஸ் இல்லாமல் "சும்மா அந்தப் பக்கம் ஏத்தி விடு தம்பி" என்று யார் சொன்னாலும் மெஷினை ரோட்டில் ஓட்டாதீர்கள். ஒன்று நடந்தால் சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

18 வயது நிரம்பாத தம்பிமாரைக் கூட்டிப் போகவே வேண்டாம். இது அபாயமான வேலை, சட்டமும் விடாது.

3. தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பேர் பதிந்த தொழிலாளியாக இருந்து, சொல்லாமல் ஒன்றரை மாதம் வராவிட்டால், திரும்பி வரும்போது செக்ரோலில் பேர் இருக்காது. சேமலாப நிதிக்கு உங்கள் பக்கம் 8 வீதம், தோட்டத்தின் பக்கம் 12 வீதம் என்று சேர்ந்து வந்ததும் நின்றுபோகும். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர் என்றால், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவைப் பற்றியும் ஒரு நாள் கேள்வி வரும்.

கணக்கப்பிள்ளையிடமோ தொரையிடமோ (மனேஜரிடமோ) லீவைக் கடிதமாக எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள். பேர் பதியாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

4. சம்பளப் பேச்சு

ஆள் பிடிக்கிறவர் எல்லாரும் கெட்டவர் இல்லை. ஆனால் வாயால் பேசியது எல்லாம் வயல் வரைக்கும்தான். லொறி ஏறும் முன் முதலாளியோடு போனிலாவது நேரே பேசுங்கள். நடுவில் உள்ளவர் சொன்ன தொகையும் முதலாளி சொல்கிற தொகையும் ஒன்றா என்று பாருங்கள்.

சம்பளம் மூன்று விதம்: ஏக்கர் கணக்கு, நாள் சம்பளம், மாதச் சம்பளம். ஏக்கர் கணக்கில் நல்ல காசு வரும். ஆனால் மழை பெய்தால், மெஷின் உடைந்தால், வயலுக்கு வயல் மாறும் நாளில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு தடவை உதிரிப்பாகம் வரும்வரை ஐந்து நாள் சும்மா இருக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு "சும்மா இருக்கிற நாளுக்கு எவ்வளவு?" என்று கேட்காமல் நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஏக்கருக்கு 350, நின்ற நாளுக்கு 800 என்று ஒருவரிடம் பேசினேன். அந்தப் போகம்தான் மனசுக்கு நிம்மதியான போகம். மாதச் சம்பளம் என்றால், 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது. சாப்பாடு அவர் பொறுப்பு என்றால் மூன்று வேளையுமா? தேநீருமா? போகவர பஸ் காசு யார் தலையில்? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யார் பார்ப்பது? வேலை செய்யும்போது காயப்பட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, வேலை கொடுத்தவர் பொறுப்பு. அதைச் சண்டையாகச் சொல்லத் தேவையில்லை, தெரியும் என்று காட்டினால் போதும்.

அட்வான்ஸ் வாங்குவது பற்றி: வீட்டில் அரிசி, பருப்புக்குத் தேவையான அளவு வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். 30,000 அட்வான்ஸ் வாங்கியவர் பாதியில் போக நினைத்தாலும் போக முடியாது. எந்தச் சண்டையிலும் அவர் வாயே திறக்க மாட்டார்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் அதில் நாலு விஷயம் எழுதுங்கள்: திகதி, ஊர், வயல்காரர் பெயர், எத்தனை ஏக்கர். என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "பெப்ரவரி 11. சம்மாந்துறை. பள்ளிக்குப் பின் வட்டை. இரண்டு வயல், 3½ + 2. மத்தியானம் பெல்ட் அறுந்து இரண்டு மணி நேரம் நிப்பு." (வட்டை என்றால் வயல்வெளி.) அதற்குக் கீழே டிரைவர் அண்ணனின் கையெழுத்து. முதலில் அவர் கொஞ்சம் முகம் சுளித்தார். நாலாம் நாள் அவரே "கொப்பியக் கொண்டா" என்று கேட்டார், ஏனென்றால் அவருக்கும் ஏக்கர் கணக்குத்தான். வாரம் ஒரு முறை அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொப்பி சேற்றில் விழலாம், எனக்கு விழுந்தது.

ஏக்கர் அளவிலும் ஒரு பொறி உண்டு. வயல்காரர் "ரெண்டு ஏக்கர்" என்று சொல்லுவார், வெட்டினால் இரண்டரை வரும். காசு வாங்குகிறவர் இரண்டரைக்கு வாங்கிவிட்டு, உங்களுக்கு இரண்டுக்குக் கணக்கு எழுதுவார். அதனால் காசு கைமாறும்போது எத்தனை ஏக்கருக்கு வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

5. பையில் என்ன வேண்டும்

முழுக்கைச் சட்டை மூன்று. நெல்லுச் சுணை பட்டால் கழுத்தும் கையும் இரவெல்லாம் அரிக்கும், தேயிலைக் காட்டில் இப்படி ஒன்றை நாம் கண்டதில்லை. முகத்துக்குக் கட்டத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ், நெற்றியில் கட்டுகிற டோர்ச், நுளம்பு வலை, பிளாஸ்டர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற் பத்து. போனுக்குப் பவர் பேங்க். வாடியில் கரண்ட் இருக்காது. பூட்ஸ்தான் இதில் விலை கூடியது. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையில் 10,000 ரூபா தனியாக, யாரும் அறியாமல். இது செலவுக்கு இல்லை. சண்டை பிடித்துக்கொண்டு நடு ராத்திரி வீட்டுக்கு வர வேண்டி வந்தால் அதற்கு.

6. பயணம்

பதுளைப் பக்கத்தவர்கள் பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா வழியாக இறங்கினால் செங்கலடி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தவர்கள் கண்டிக்கு வந்து மகியங்கனை, பதியத்தலாவை வழி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலை ரோடுகளைப் படுத்திய பாடு தெரியும்தானே. மழை நாளில் புறப்படும் முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்து வீதி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மெஷின் ஏற்றிய லொறியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளில் இறங்க வேண்டாம். பஸ்ஸில் போங்கள்.

7. வயலில் முதல் வாரம்

காலையில் அவசரப்பட மாட்டார்கள். பனி காய்ந்த பிறகுதான் வெட்டு. நெல் சந்தைப்படுத்தல் சபை நெல்லின் ஈரத்துக்கு 14 வீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது, வெளி வியாபாரியும் ஈர நெல்லுக்கு விலையைக் குறைப்பார். அதனால் ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி ராத்திரி வரை ஓடும். காலை நேரம் உங்களுக்குத்தான் வேலை: கிரீஸ் அடிப்பது, கத்தியில் சிக்கிய புல்லை எடுப்பது, ரேடியேட்டர் வலையில் அப்பிய தூசியைத் தட்டுவது, செயின், பெல்ட் பார்ப்பது. இதைச் சுத்தமாகச் செய்கிற ஹெல்பரை டிரைவர் விடவே மாட்டார். நாளைக்கு ஸ்டியரிங்கைக் கையில் கொடுப்பதும் அவருக்குத்தான்.

மெஷின் வயலுக்குள் இறங்கும் முன் நீங்கள் நடந்து பாருங்கள். கல், கட்டை, வாய்க்கால், சேற்றுக்குழி எங்கே என்று வயல்காரரிடம் கேட்டு, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். புதையுண்ட மெஷினை எடுக்க அரை நாள் போகும், அந்த அரை நாளுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

இப்போது சொல்வதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வைக்கோல் அடைத்து மெஷின் நின்றுவிட்டால், எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, அந்தச் சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். என் இரண்டாம் போகத்தில், பக்கத்து வயல் மெஷினில், ஹெல்பர் உள்ளே கை வைத்திருப்பதைத் தெரியாமல் டிரைவர் கிளட்சை விட்டுவிட்டார். சத்தம் வரவில்லை. அந்தத் தம்பி கையை வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான், இரண்டு விரல் இல்லை. அவனுக்கு 20 வயசு. அவசரம் என்று டிரைவர் கத்தினாலும் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

லொறியில் பலகை போட்டு மெஷினை ஏற்றும்போது பின்னாலும் பக்கத்திலும் நிற்காதீர்கள். கை காட்டுவது என்றால் முன்னால், தூரத்தில் நின்று காட்டுங்கள்.

8. எலிக்காய்ச்சல், பாம்பு, கரண்ட் கம்பி

எலிக்காய்ச்சல் வயல் சேற்றிலிருந்து, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக வரும். அதற்கு முன்கூட்டியே எடுக்கிற டொக்சிசைக்ளின் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வயலில் இறங்கும் முன்பே தொடங்கி, வேலை முடியும்வரை வாரம் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவைத் தேடிப் பிடியுங்கள், அவரே எப்படிக் குடிப்பது என்று சொல்லித் தருவார். வேறு வருத்தம், ஒவ்வாமை இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள்.

வெட்டு நெருங்க நெருங்க வயலில் எலி கூடும், எலிக்குப் பின்னால் புடையன் வரும். நம் பக்கம் கண்ணாடி விரியன் என்பது அதுதான். கடித்தால் கீறுவது, கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து, 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எந்த வட்டை, எந்த ரோட்டு முனை என்று தமிழிலோ சிங்களத்திலோ சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு புது இடத்திலும் இடத்தின் பெயரைக் கேட்டு கொப்பியில் முதலில் எழுதுங்கள்.

யானை, பன்றிக்குச் சில இடங்களில் திருட்டுத்தனமாகக் கரண்ட் கம்பி இழுத்திருப்பார்கள். ராத்திரி வரம்பில் டோர்ச் இல்லாமல் வெளிக்குப் போகாதீர்கள். வயல்காரரிடம் வெட்கப்படாமல் "கம்பி போட்டிருக்கா அண்ணே?" என்று கேளுங்கள்.

9. ஊர் ஆட்களோடு

மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ் நம் தமிழ் மாதிரி இருக்காது. வயல்வெளியை வட்டை என்பார்கள், தண்ணீர், வேலி விஷயத்துக்குப் பொறுப்பானவர் வட்டவிதானை. அவருக்குத் தெரியாமல் எந்த வட்டையிலும் மெஷினை இறக்கக்கூடாது. வெளி மாவட்ட மெஷினைச் சில இடங்களில் ஊர் மெஷின்காரர் விரும்ப மாட்டார்கள், அங்கே வாய்ச் சண்டைக்கு நீங்கள் போகாதீர்கள், அது முதலாளியின் பாடு. முஸ்லிம் ஊர்களில் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை நிற்கும். இந்த வருடங்களில் நோன்பு மாதம் அறுவடையோடு சேர்ந்து வருகிறது, பகலில் கடை இருக்காது, மத்தியானச் சோற்றுக்கு விடியற்காலையே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆனால் நோன்பு திறக்கிற நேரம் உங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கஞ்சி கொடுக்காத வயல்காரரை நான் பார்த்ததில்லை. பொலன்னறுவை, மகியங்கனைப் பக்கம் சிங்களம் கொஞ்சம் வேண்டும். அங்கே மெஷினைப் பூதயா என்பார்கள்.

10. கணக்கு முடித்துக் கிளம்புவது

கடைசி நாள் வரை காத்திருக்காமல் பத்து நாளைக்கு ஒரு முறை கணக்குப் பாருங்கள். உங்கள் கொப்பியும் முதலாளி கொப்பியும் பக்கத்தில் பக்கத்தில். வித்தியாசம் ஒரு ஏக்கர் இருக்கும்போது பேசித் தீர்க்கலாம், நாற்பது ஏக்கர் ஆன பிறகு பேச முடியாது. காசை வங்கியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

வீடு வந்து சேர்ந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு வந்தால் தோட்டத்து மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு படுக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "வயல் சேத்துல வேலை செஞ்சிட்டு வந்தேன்." மலையில் குளிரில் இருக்கிற ஆளுக்கு எலிக்காய்ச்சல் என்று யாருக்கும் உடனே தோன்றாது.